சும்மா சொன்னது

ஒரு நாள் காலை எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு மாடு வந்து நின்றது. கறவை மாடு. கழுத்துக் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் செருகியபடி ஒருவர் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மகன், என்னுடைய மூன்றாம் வகுப்பு மாணவன், சிலேட்டும் கையுமாக நின்றான்.

"கும்பிடுறேன் சார். மாட்டக் கொண்டாரச் சொன்னீங்களாம்."

சொல்லியிருந்தேன், உண்மைதான். முந்தின நாள் அந்தப் பையன் ஏழேழு நாற்பத்தேழு என்று நான்காவது தடவையாகச் சொன்னபோது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஒனக்குச் சொல்லிக் குடுக்குற நேரத்துக்கு ஒங்க வீட்டு மாட்டுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா அது இந்நேரம் பாஸ் பண்ணியிருக்கும். நாளைக்கு அதக் கூட்டிக்கிட்டு வாடா, பாப்போம்" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் பயந்த மாடு சார், கொம்புப் பக்கம் போகாதீங்க. எத்தன மணிக்கு விடுவீங்க? சாயங்காலம் பால் கறக்கணும்" என்றார் தகப்பனார்.

அந்த மனிதரின் முகத்தில் குறும்பு ஏதாவது தெரிகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். கடுகளவும் இல்லை. மானம் போகிறதே என்ற எரிச்சலில், "மாட்டுக்கு இன்னிக்கு லீவுங்க. ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றேன். "ரொம்ப நல்லதுங்க சார்" என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போனார். மாட்டோடு பையனும் போய்விட்டான். அவனுக்கும் லீவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். ஏழாம் வாய்ப்பாடு அப்படியே நின்றது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் ஏறிப் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம். ஒரே நீள அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் நான் கத்துவது எனக்கே கேட்காது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில்தான் குடியிருந்தேன். சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஹட்டன் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்குத் துணிக்கடை. நான் வளர்ந்தது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில். அங்கே யாரும் நேராகப் பேசிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு மணி நேரம் சேலைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்திருப்பவரைப் பார்த்து அப்பா, "என்ன அவசரம், இருங்க, இல போடச் சொல்றேன். சாப்பிட்டுட்டு இங்கயே பாய விரிச்சுப் படுத்துக்கலாம்" என்பார். வந்தவர் கூச்சத்தோடு சிரித்து ஒரு துண்டாவது வாங்கிக்கொண்டு போவார். இலை போடச் சொல்லி எவரும் உட்கார்ந்ததில்லை. அந்த நாக்கைத்தான் நான் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். கடையில் நிற்கப் பிடிக்காமல் வாத்தியார் வேலைக்கு வந்தவன், கடையை வாயிலேயே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நேரம் கழித்து வந்த ஒருவனைப் பார்த்து, "ஏம்ப்பா இவ்வளவு சீக்கிரம்? போயி இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வா" என்றேன். போனான். தூங்கினான். பதினொரு மணிக்கு முகம் வீங்க வந்து நின்று, "தூங்கிட்டேன் சார்" என்றான்.

தோட்டத்து ஆட்களுக்கு நக்கல் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அம்மாடி! மலை ஊற்று வந்து கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் பேசுகிற பேச்சை ஒரு நாள் நான் குளிக்கப் போன இடத்தில் கேட்டேன். நான் சப்பாத்துக் காலோடு சேற்றில் நடக்கிற அழகை ஒருத்தி நடந்து காட்ட, மற்றவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் அப்பாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அரை மணி நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஊர் போய்ச் சேருவார். ஆனால் அது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. மேலேயிருந்து வரும் பேச்சு வேறு. துரை சொன்னதைக் கண்டாக்கு சொல்வார், கண்டாக்கு சொன்னதைக் கணக்கப்பிள்ளை சொல்வார், கணக்கப்பிள்ளை சொன்னதைக் கங்காணி சொல்வார். அது வந்து சேரும்போது உத்தரவு. 'இது நிஜமாகச் சொன்னதா, விளையாட்டுக்கா?' என்று திருப்பிக் கேட்டவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்த நானும் அந்த ஏணியில் எங்கேயோ ஒரு படியில் நிற்பதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். எனக்கு அது புரிய ஒரு வருஷம் பிடித்தது. மாடு வந்தும் புரியவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்ட மண்டை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புரியவைத்தவள் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை.

கெட்டிக்காரி. கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவேண்டுமானால் ஹட்டனுக்குத்தான் போகவேண்டும். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுத்தார்கள். இவள் எழுதினால் கட்டாயம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தது. அந்த வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு இறங்குவதுதான் வழக்கம். விடியற்காலை பெரட்டுக் களத்தில், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், போய் வரிசையில் நின்று பேரைச் சொன்னால் சரி. ஒரு தடவை பேர் ஏறி, அந்தக் கூலியை நம்பி வீட்டில் ஒரு செலவும் ஏற்பட்டுவிட்டால், பிறகு சிலேட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளை அந்தத் தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

அவள் அம்மாவிடம் நான்கு தடவை நடந்தேன். அந்த அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர், பேசவே மாட்டார். நான்காவது தடவை, வரிசை வீடுகளான லயத்து இஸ்தோப்பில், வாசல் தாழ்வாரத்தில், நின்றபடி அந்த அம்மா, "எங்களுக்கு என்னா சார் தெரியும்? படிக்கிற புள்ளன்னு நீங்க சொல்றீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். படிக்கட்டும்" என்றார். அன்று நான் என் அறைக்குத் திரும்பி வந்தது நடந்தா, பறந்தா என்று தெரியாது. அத்தனை சந்தோஷம்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது வித்தியாதரிசி வந்தார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வரும் அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லிய மனிதர், தங்க ஃபிரேம் கண்ணாடி. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு. மலையில் நடக்கிற வேலை முழுவதும் அவர் கண்ணுக்குக் கீழேதான். பள்ளிக்கூடத்து வேலியில் ஒரு கம்பு போனாலும் அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். என் வேலையும் அவர் துரையிடம் சொல்கிற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அந்தப் பெண்ணை முன் வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தேன். எல்லா வாத்தியாரும் செய்கிற தந்திரம்தான். வித்தியாதரிசியும் தந்திரம் தெரிந்தவர் போல அவளையே எழுப்பினார்.

"ஒரு றாத்தலுக்கு எத்தினை அவுன்ஸ்? சொல்லும் பாப்பம்."

இதற்குப் பதில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவள் எழுந்து நின்றாள். யோசித்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"கடையிலன்னா பதினஞ்சு சார். மலையில கொழுந்து நிறுக்கும்போதுன்னா பதினாலு."

கண்டாக்கின் மீசை அசைந்தது. வித்தியாதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப பதினாறு எங்கை பிள்ளை போச்சுது?"

"அது பொஸ்தகத்துல இருக்குங்க சார்."

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. கேட்டவர் பெரிய அதிகாரி. பெரிய அதிகாரி கேட்டால் தெரிந்ததைச் சொல்லவேண்டும். அவள் அம்மா நாள் முழுக்கக் குளிரில் நின்று எடுத்த கொழுந்து தராசில் ஏறும்போது, கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பதினாறு என்பதை அவள் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. நல்லவேளை, எங்கள் அப்பாவுடையது துணிக்கடை. கெஜக்கோலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வித்தியாதரிசி சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினார், தேநீர் குடித்தார், காரில் ஏறிப் போனார். கண்டாக்கு போகவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க வாத்தியாரே. துரைகிட்டயும் சொல்றேன், சந்தோஷப்படுவாரு."

அந்த நக்கல் எனக்கு உடனே புரிந்தது. அவரிடம் திருப்பிப் பேச எனக்குத் தைரியம் உண்டா? எங்கே! 'பிள்ளை சொன்னதில் என்ன பொய் ஐயா?' என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. வாங்கிய அடியை அப்படியே திருப்பிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மேல் இறக்கினேன். கையைக் கூப்பிக் கும்பிட்டேன்.

"அம்மா தாயே! ஒனக்கு இந்தப் பள்ளிக்கூடமெல்லாம் பத்தாது. எல்லாக் கணக்கும் தெரிஞ்சு வச்சிருக்கியே! நாளைக்குப் பெரட்டுக்குப் போயி நின்னு பேர் குடு. தராசுப் பக்கத்துலயே நின்னு ஊருக்கெல்லாம் சரியா நிறுத்துக் குடு. இங்க வந்து ஒம் பொழுத ஏன் வீணாக்குற?"

வகுப்பு சிரித்தது. கண்டாக்கு எல்லாரையும்விட உரக்கச் சிரித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். என் வேலை தப்பியது. அந்த நிம்மதியில், அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன "சரிங்க சார்" என் காதில் விழுந்தும் ஏறவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது, வரட்டும், இரண்டு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வரவுப் புத்தகத்தைத் திறந்தேன். அவள் பேரைக் கூப்பிட்டதும் பக்கத்து இடத்துப் பிள்ளை எழுந்து, "அவ பெரட்டுக்குப் போயிட்டா சார்" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்கதானே சார் போகச் சொன்னீங்க."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது, மறைக்கப் போவதில்லை. மாடு வந்த அன்றைக்கு, அது திரும்பிப் போன பிறகு வந்த அதே சிரிப்பு. பிறகு ஜன்னல் வழியாக எதிர் மலையைப் பார்த்தேன். தூரத்தில் நிரை நிரையாகப் பெண்கள் நின்றார்கள். எந்தத் தலை அவளுடையது என்று தெரியவில்லை. சிரிப்பு போய்விட்டது. அன்றைக்கு நான் என்ன பாடம் நடத்தினேன் என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் லயத்துக்கு ஓடினேன். அந்த அம்மா அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். மகள் மூலையில் உட்கார்ந்து விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை கறுப்பாகப் பிடித்திருந்தது.

"கண்டாக்கையா ஒண்ணுமே கேக்கல சார். 'வாத்தியாரே அனுப்பிட்டாரா, நல்லது'ன்னு ஒடனே பேர் போடச் சொல்லிட்டாரு" என்றார் அம்மா. கோபம் இல்லை. குரலில் கொஞ்சம் சோர்வு மட்டும். "எனக்கும் மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. படிக்கும்னு நெனச்சோம். சரி, நீங்க பாத்து வேணாங்கிறீங்கன்னா படிப்பு ஏறலபோல."

"ஐயோ அக்கா! அது சும்மா சொன்னது!"

அந்த அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எது சார் சும்மா சொன்னது? படிக்கிற புள்ளன்னு சொன்னதா, பெரட்டுக்குப் போன்னு சொன்னதா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டையும் சொன்னது ஒரே வாய். எதை வைத்து அவர்கள் பிரித்துப் பார்ப்பது? நான்கு தடவை நடந்து வந்து சொன்னதும் நக்கலாக இருக்கலாம் அல்லவா?

இந்தக் காலத்து இளம் ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு, கொஞ்சம் நக்கல் இல்லாமல் வகுப்பைக் கட்டிப்போட முடியுமா என்று. நான் சொல்வது இதுதான்: திருப்பி அடிக்கக்கூடியவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பண்ணு, நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன். உன்னிடம் 'சரிங்க சார்' தவிர வேறு சொல்ல முடியாத பிள்ளையிடம் பண்ணாதே. அதற்குப் பேர் நக்கல் இல்லை, வேறு ஏதோ. கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போவார்கள். நானும் இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் தலையாட்டியிருப்பேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். அந்தக் குளிரில் நான் அதுவரை எழுந்ததே இல்லை. பனி மூட்டத்துக்குள் கம்பளியும் கூடையுமாக நூறு பெண்களாவது நின்றிருப்பார்கள். இடுப்பில் சாக்கைக் கட்டி, தன் முதுகைவிடப் பெரிய கூடையோடு அவளும் நின்றாள். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லவேண்டுமே என்று கையைத் தூக்கினாள், கூடை சரிந்தது.

கண்டாக்கு என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வாங்க வாத்தியாரே! நீங்களும் பேர் குடுக்க வந்தீங்களா? எந்த மலைக்கு அனுப்பட்டும், கிட்ட மலையா, தூர மலையா?"

பெண்கள் சிரித்தார்கள். பீலியில் என்னை நடந்து காட்டியவள், "சப்பாத்தோட ஏற மாட்டாரு கண்டாக்கையா, தூக்கிக்கிட்டுத்தான் போகணும்" என்றாள். வேண்டும், எனக்கு நன்றாக வேண்டும்.

"கண்டாக்கையா, நான் சொன்னது தப்பு. அந்தப் புள்ள பேர வெட்டிடுங்க. அடுத்த மாசம் பரீட்ச எழுதணும்" என்றேன்.

"நீங்க சொன்னீங்கன்னு போட்டது. இப்ப நீங்க சொல்றீங்கன்னு வெட்டணுமா? ஒரு ஆள் கொறஞ்சா நிரைக்கு நான் என்னா செய்யறது?" என்று கையை விரித்தார். பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சபை கிடைத்துவிட்டால் நாக்கு சும்மா இருக்குமா? அந்த வியாதி எனக்குத் தெரியாததா! "ஒண்ணு செய்வோம். அவளுக்குப் பதிலா நீங்க கூடையக் கட்டிக்கிட்டு நிரையில நில்லுங்க. இப்பவே வெட்டிடுறேன்."

களமே கொல்லென்று சிரித்தது. எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று இன்றுவரை தெரியாது. "சரிங்க ஐயா" என்றேன்.

நேராக அவளிடம் போனேன். "கழட்டு" என்றேன். அவள் கழற்றிக் கொடுத்தாள். சாக்கை வேட்டிக்கு மேல் சுற்றினேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டத் தெரியாமல் மூக்கில் மாட்டிக்கொண்டு நின்றபோது, அந்தச் சப்பாத்துக்காரியே வந்து, "இப்பிடி சார்" என்று சரியாக மாட்டிவிட்டாள். பெண்களின் வரிசையில் போய் நின்றேன். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"வாத்தியாரே, என்னா வெளையாட்டு இது? சும்மாதானே சொன்னேன்!"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. நீங்க சொன்னீங்க, நிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கீழ் வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெரிய துரை. காலையில் பெரட்டைப் பார்க்க வருகிறார். கண்டாக்கின் முகத்தில் ரத்தம் வற்றியது. துரை வந்தால் முதலில் கேட்கப்போகிற கேள்வி, வாத்தியார் ஏன் கூடை கட்டியிருக்கிறார் என்பது. அதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டால் பேச்சில் பெரட்டு வரும், வித்தியாதரிசி வருவார், அப்புறம் தராசும் பதினாலு அவுன்ஸும் வந்தே தீரும். நூறு பெண்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அதில் ஒருத்தியாவது வாயைத் திறக்காமல் இருப்பாளா?

"கழட்டுங்க சாமி! கழட்டித் தொலைங்க!" என்று என் கூடையை அவரே பிடித்து இழுத்தார். "கணக்கப்பிள்ள, அந்தப் புள்ள பேர வெட்டு! வெட்டுய்யா சீக்கிரம்!"

பேர் வெட்டுப்பட்டதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் சாக்கை அவிழ்த்தேன். துரை வந்து இறங்கியபோது நானும் அவளும் பள்ளிக்கூடப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய வீரச் செயல் புரிந்துவிட்ட நினைப்பு. பாதி வழியில் நின்று அவளிடம் சொன்னேன்: "நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா. நீ சொன்னதுதான் சரி. நீ கெட்டிக்காரி."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணை, வாயை, மறுபடியும் கண்ணை.

"இது நெசமாச் சொல்றீங்களா சார்?"

"நெசமாத்தான்."

"சரிங்க சார்" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அதன் பிறகு அவள் சிலேட்டில் நான் 'சரி' போட்டால் வாங்கிக்கொண்டு போகமாட்டாள். அங்கேயே நின்று என் முகத்தைப் பார்ப்பாள். வேறு ஏதாவது வருகிறதா என்று காத்திருந்துவிட்டு, ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகு மெதுவாகத் திரும்புவாள். நானும் நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டேன். "ஏழேழு நாற்பத்தொன்பது. மறுபடி சொல்லு." அவ்வளவுதான். வகுப்பில் சிரிப்பே நின்றுபோனது. இவ்வளவு சப்பையான வாத்தியாரை நானே பார்த்ததில்லை.

அவள் ஹட்டனுக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தோட்டத்து ஆபீஸ் தபாலில் எனக்குக் கடிதம் வந்தது, இங்கிலீஷில் தட்டெழுத்தில். அவளை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முப்பத்தொரு பிள்ளைகளில் இரண்டாவதாக வந்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தைப் பூட்டக்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

இஸ்தோப்பில் மூன்று பேரும் இருந்தார்கள். "கெடச்சிருச்சு! ரெண்டாவதா வந்திருக்கா!" என்று கத்தினேன். மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது என்று பிறகு தோன்றியது.

மூன்று பேரும் அசையவில்லை. அவள் வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். தன் பேர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அதன் மேல் விரலை வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல கண்ணை, வாயை, மறுபடியும் கண்ணை. நான் சிரிப்பை அவசர அவசரமாக நிறுத்தினேன். அது இன்னும் மோசம்.

அவள் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். கண்டாக்கையா பங்களா பக்கந்தானே. ஒரு தடவ காட்டிட்டு வந்துர்றோம்."

இரண்டு பேரும் கடிதத்தோடு சரிவில் இறங்கிப் போனார்கள். நானும் அவள் அப்பாவும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தோம். அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதுவரை அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு என்னைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார். நானும் பாதையைப் பார்த்தேன். கடிதத்தை நான் மூன்று தடவை படித்திருந்தேன். இருந்தும், அங்கே உட்கார்ந்திருந்தபோது, என்ன முடிவு வரப்போகிறதோ என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள்தான் முதலில் ஓடிவந்தாள். மேட்டில் கால் இடறி, சமாளித்து, முகம் முழுக்கச் சிரிப்போடு ஓடிவந்தாள். பின்னால் அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சிரைக்க ஏறி வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார்! நெசந்தானாம் சார்! கெடச்சிருச்சாம்! ரெண்டாவதா வந்திருக்காளாம்! கண்டாக்கையா படிச்சுப் பாத்துட்டுச் சொல்லிட்டாரு!"

"அப்படியா அக்கா?" என்றேன். "ரொம்பச் சந்தோஷம்."